நாள்கணக்கும் வாரக்கணக்கும்: சென்னைப் பள்ளிச் சிறாரின் உணவும் உடலியக்கமும் – ஒரு நூற்றாண்டு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பள்ளிச் சிறாரின் உடல்நலம் குறித்து 1920ஆம் ஆண்டில் சென்னையில் இரண்டு முயற்சிகள் தொடங்கின. ஒன்று, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் வழங்கப்பட்ட சிற்றுண்டி. மற்றொன்று, உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்க ஹாரி குரோ பக் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. முன்னது நாள்தோறும் ஒவ்வொரு குழந்தைக்கும் கணக்கிட்டு வழங்கும் அரசுக் கடமையாக வளர்ந்தது. பின்னது கால அட்டவணையில் வாரத்திற்குச் சில பாடவேளைகளாக எஞ்சியது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு உள்ளிட்ட சென்னைப் பகுதிகளின் வரலாற்றையும், சென்னைச் சிறாரிடம் நிகழ்த்தப்பட்ட மருத்துவ ஆய்வுகளையும் இணைத்து நோக்கி, இவ்வேறுபாட்டின் காரணத்தையும் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உடற்கல்வி, விளையாட்டிடம், மதிய உணவு, சிறார் உடற்பருமன், இதயநலம், சென்னை.

முன்னுரை

தொல்காப்பிய உரியியல் ‘கெடவரல்’, ‘பண்ணை’ என்னும் இரு சொற்களுக்கும் விளையாட்டு என்று பொருள் உரைக்கிறது. உவகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் ஒன்றாக மெய்ப்பாட்டியல் விளையாட்டைக் குறிக்கிறது. தமிழ் இலக்கண மரபு விளையாட்டை மகிழ்ச்சியின் ஊற்றாகவே கண்டது. அதனை உடல்நலத்திற்கான கருவியாக நோக்கவில்லை. விளையாட்டை நலவழியாக, குறிப்பாக இதயத்தையும் உடலின் வளர்சிதை மாற்றத்தையும் காக்கும் வழியாக அளந்து பார்ப்பது இருபதாம் நூற்றாண்டு அறிவியலின் பார்வை. அப்பார்வை சென்னைப் பள்ளிகளுக்கு எவ்வாறு வந்தது, வந்தபின் ஏன் வேரூன்றவில்லை என்பன இக்கட்டுரையின் வினாக்கள்.

உடற்கல்வியின் வரலாற்றைத் தனியே எழுதுவது வழக்கம். மதிய உணவுத் திட்டத்தின் வரலாற்றையும் தனியே எழுதுவது வழக்கம். இரண்டும் ஒரே ஆண்டில், ஒரே நகரில், ஒரே குழந்தையின் உடலை முன்னிட்டுத் தொடங்கியவை. இரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போதே ஒன்றன் வெற்றியும் மற்றொன்றன் தேக்கமும் தெளிவாகப் புலப்படுகின்றன.

டிரில்லிலிருந்து விளையாட்டுக்கு

1882ஆம் ஆண்டின் இந்தியக் கல்விக்குழு, ஹண்டர் தலைமையில் அமைந்தது. மாணவரின் உடல்வளர்ச்சிக்கு உள்நாட்டு விளையாட்டுகள், உடற்பயிற்சிகள், பள்ளி அணிநடை ஆகியவற்றை ஊக்குவிக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. பரிந்துரையில் உள்நாட்டு விளையாட்டு முதலிடம் பெற்றிருந்தது. நடைமுறையிலோ அணிநடையே பள்ளிகளில் நிலைத்தது. ‘டிரில் மாஸ்டர்’ என்னும் சொல் தமிழ்ப் பேச்சில் இடம்பெற்றது இதன் விளைவே. வரிசையில் நிற்றல், ஆணைக்குத் திரும்புதல், அசையாதிருத்தல் ஆகியவை அக்காலப் பயிற்சியின் கூறுகள். அதன் நோக்கம் ஒழுங்கு. உடல்நலம் அதன் துணைவிளைவாக மட்டுமே கருதப்பட்டது.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் ஹாரி குரோ பக். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் கற்றவர். கூடைப்பந்து 1891இல் தோன்றிய இடம் அக்கல்லூரியே. கைப்பந்தும் 1895இல் ஒய்.எம்.சி.ஏ. சூழலில்தான் உருவானது. குறைந்த இடத்தில் அதிகமானோர் விளையாடத்தக்க ஆட்டங்களை உருவாக்கிய மரபு அது. அம்மரபை ஏற்று வந்த பக், 1920இல் சென்னை எஸ்பிளனேடு ஒய்.எம்.சி.ஏ.வில் சில மாணவரோடு உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் அது நந்தனத்தில் அடையாற்றங்கரையில் விரிந்த வளாகத்தில் நிலைபெற்றது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியுடன் பக் உடன்சென்றார். 1943இல் மறைந்தார். ஆசியாவின் தொன்மையான உடற்கல்விக் கல்லூரிகளுள் ஒன்றாக அந்நிறுவனம் இன்றும் எண்ணப்படுகிறது. அங்குப் பயின்றோர் தமிழகமெங்கும் பள்ளிகளுக்குச் சென்றனர். ‘டிரில் மாஸ்டர்’ மெல்ல மறைந்து ‘பி.டி. வாத்தியார்’ தோன்றினார்.

அடையாற்றின் மறுகரையில் வேறொரு முயற்சி நிகழ்ந்தது. சாரணர் இயக்கத்தில் இந்தியச் சிறுவருக்கு இடம் மறுக்கப்பட்ட காலத்தில், அன்னி பெசன்டும் ஜார்ஜ் அருண்டேலும் இந்தியச் சிறுவருக்கெனத் தனிச் சாரணர் அமைப்பை உருவாக்கினர். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அது தாய் அமைப்புடன் இணைந்தது. இவ்விரு முயற்சிகளிலும் உடற்பயிற்சி என்பது நாட்டுணர்வு, ஆளுமை, குடிமைப் பண்பு ஆகியவற்றோடு பின்னிப் பிணைந்திருந்தது. சிறுவனின் இதயத்தைப் பற்றி அன்று எவரும் கவலைப்படவில்லை. அன்றைய கவலை அவனது வயிறு.

ஓரணாச் சிற்றுண்டி

அவ்வயிற்றுக் கவலைக்கு விடை காண முயன்றவர் சென்னை மாநகராட்சி மன்றத் தலைவர் பி. தியாகராயச் செட்டியார். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பயிலும் சிறார் வறியவர். பசியினால் வருகை குறைகிறது. ஆகவே சிற்றுண்டி வழங்க வேண்டும் என்னும் தீர்மானம் 1920 செப்டம்பரில் மன்றத்தில் நிறைவேறியது. ‘ஒரு மாணவனுக்கு ஒரு நாளைக்கு ஓரணாவிற்கு மிகாமல்’ என்று அதன் செலவு வரையறுக்கப்பட்டது. மேலும் சில பள்ளிகளுக்கும் திட்டம் விரிந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவு செய்தல் கூடாது என்று ஆங்கில அரசு மறுத்ததால் 1925இல் அது தடைப்பட்டது.

தீர்மானம் செலவை வரையறுத்த முறையே இக்கட்டுரையின் மையம். ஒரு மாணவன், ஒரு நாள், ஓரணா என மூன்று அலகுகள் அதில் உள்ளன. இவ்வலகுகள் இருந்தமையால்தான் திட்டத்தைக் கேள்வி கேட்கவும், தணிக்கை செய்யவும், மீண்டும் கோரவும் முடிந்தது. நின்ற திட்டம் மீண்டும் எழுந்தது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் மாநில அளவில் பரவியது. 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2022 செப்டம்பர் 15இல் காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கியது. ஆட்சிகள் மாறின, அலகு மாறவில்லை. ஒரு குழந்தைக்கு, ஒரு நாளைக்கு, இவ்வளவு கிராம் என்பதே இன்றுவரை கணக்கு.

உடற்கல்விக்கு இத்தகைய அலகு ஒருபோதும் அமையவில்லை. அதன் அலகு ‘வாரத்திற்கு இத்தனை பாடவேளை’ என்பதே. பாடவேளை வகுப்புக்கு உரியது, குழந்தைக்கு உரியதன்று. அறுபது பேர் கொண்ட வகுப்பில் இருபத்திரண்டு பேர் ஆடி, எஞ்சியோர் மரநிழலில் அமர்ந்திருந்தாலும் பாடவேளை நிறைவேறியதாகவே பதிவாகும்.

மறக்கப்பட்ட ஒரு பரிந்துரை

இக்குறையை உணர்ந்தவர் ஒருவர் இருந்தார். 1952–53 இடைநிலைக் கல்விக்குழுவின் தலைவர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அத்துடன் மகப்பேற்று மருத்துவர். மருத்துவரின் பார்வை அவ்வறிக்கையின் உடல்நலப் பகுதியில் துலங்குகிறது. மாணவர்க்கு மருத்துவ ஆய்வு நடத்துதல், உடற்பயிற்சியை ஒவ்வொருவரின் தாங்கும் ஆற்றலுக்கேற்ப அமைத்தல், நாற்பது வயதுக்குட்பட்ட ஆசிரியர் அனைவரும் மாணவரோடு உடற்செயல்களில் பங்கேற்றல், உடற்கல்வி ஆசிரியர்க்குத் தகுதியொத்த பிற ஆசிரியரின் மதிப்பை அளித்தல் ஆகியவை அதன் பரிந்துரைகளுட் சில.

அவற்றுள் இன்னொன்று பெரிதும் கவனிக்கப்படாமல் போனது. மாணவரின் உடற்செயல்கள் குறித்த முழுமையான பதிவேடு பேணப்பட வேண்டும் என்பதே அது. சத்துணவுக்கு நாள்தோறும் பதிவேடு உண்டு. அரிசியின் இருப்பும், உண்டோர் எண்ணிக்கையும் அதில் ஏறும். வருகைக்குப் பதிவேடு உண்டு, மதிப்பெண்ணுக்கும் உண்டு. ஓடியது எத்தனை நிமிடம் என்பதற்கு மட்டும் ஏடு இல்லை. முதலியார் குழு சுட்டிய பதிவேடு நடைமுறையாகியிருந்தால், இன்று மருத்துவர்கள் தனித்தனி ஆய்வுகளால் தேடிப் பெறும் தரவு எழுபது ஆண்டுத் தொடராக நம் பள்ளிகளிலேயே கிடைத்திருக்கும்.

மனையும் மைதானமும்

பதிவேட்டைப் போலவே இடமும் இல்லாமற் போனது. மயிலாப்பூரையும் நுங்கம்பாக்கத்தையும் அடுத்துக் கிடந்த நீண்ட ஏரி 1920களில் தூர்க்கப்பட்டு, நகரமைப்புத் திட்டத்தின்படி தியாகராய நகர் உருவானது. பள்ளிச் சிற்றுண்டிக்கு வழிகோலிய அதே தியாகராயரின் பெயரை அந்நகர் தாங்கியது. நடுவில் பனகல் பூங்கா; அதிலிருந்து பிரியும் அகன்ற சாலைகள்; வெங்கடநாராயணா சாலையில் நடேசன் பூங்கா. நீதிக்கட்சித் தலைவர்களின் பெயர்களோடு திறந்த வெளியும் அந்நகரின் வரைபடத்தில் இடம்பெற்றது. பின்னாளில் அதே நகர் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் நிறைந்த வணிக மையமானது. தனிவீடுகள் அடுக்குமாடிகளாயின, முற்றமும் தோட்டமும் வாகன நிறுத்தங்களாயின.

மயிலாப்பூரின் மாற்றம் வேறு வகையானது. மாட வீதிகளும் அவற்றின் சந்துகளும் சடுகுடு, கிட்டிப்புள், பாண்டி, பச்சைக்குதிரை ஆகியவற்றின் இயல்பான களங்களாக இருந்தன. இவை மைதானம் வேண்டாத விளையாட்டுகள்; தெருவே போதும். தெரு வாகனங்களுக்கு உரியதானபோது இவை ஓசையின்றி மறைந்தன. பூங்காக்கள் பல எஞ்சின. அவற்றில் நடைப்பயிற்சிக்கு வரும் பெரியோர் மிகுந்தனர். நீரிழிவும் இரத்த அழுத்தமும் கண்ட பின் மருத்துவர் சொற்கேட்டு நடப்போர் அவர்களுட் பலர். பந்து விளையாடுதல் கூடாது என்னும் அறிவிப்பு பல பூங்காக்களில் தொங்குகிறது. நோய் வந்தவர்க்கு இடம் தந்து, நோய் வராமற் காக்க வேண்டியவரை வெளியே நிறுத்தும் முரண் இது.

சென்னைத் தமிழில் ‘கிரவுண்டு’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று விளையாட்டுத் திடல். மற்றொன்று 2,400 சதுர அடி கொண்ட மனை அளவு. நகரின் நில வரலாறே இவ்வொரு சொல்லில் அடங்குகிறது எனலாம். சிட்டிபாபு குழுவின் பரிந்துரையை ஒட்டி 2004இல் மெட்ரிகுலேஷன் பள்ளிகளுக்குக் குறைந்தபட்ச நில அளவு விதிக்கப்பட்டது. ஊராட்சியில் 3 ஏக்கர் வேண்டும் என்ற அவ்விதி, மாநகராட்சிப் பகுதியில் 6 மனை போதும் என்றது. 6 மனை என்பது 14,400 சதுர அடி. இதில் கட்டடமும் அடக்கம். 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட கூடைப்பந்துத் தளம் ஒன்றே ஏறத்தாழ 2 மனையைக் கொள்ளும். 105 மீட்டருக்கு 68 மீட்டர் அளவுள்ள கால்பந்துத் திடலுக்கு 32 மனை வேண்டும். இக்குறைந்த அளவையும் எட்டாத பள்ளிகளுக்குத் தற்காலிக ஏற்பு நீட்டிக்கப்பட்டு வந்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டிடம் வேண்டும் என்கிறது. எவ்வளவு என்று கூறவில்லை. அலகற்ற கடமை எப்படி நீர்த்துப்போகும் என்பதற்கு இது மற்றுமொரு சான்று.

மருத்துவ ஆய்வுகள் காட்டும் நகரம்

உடலியக்கத்திற்கும் இதயத்திற்கும் உள்ள தொடர்பை முதலில் தெளிவுறக் காட்டியவர் இலண்டன் மருத்துவர் ஜெரமி மாரிஸ். இலண்டன் மாடிப்பேருந்துகளில் அமர்ந்தே ஓட்டிய ஓட்டுநரைவிட, மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநரிடம் இதயத்தமனி நோய் குறைவு என்று 1953இல் அவர் குழு வெளியிட்டது. நோய் முதுமையில் வெளிப்பட்டாலும் அதன் தொடக்கம் சிறுவயதிலேயே உள்ளது என்பதை 1973இல் அமெரிக்காவின் லூசியானாவில் தொடங்கிய போகலூசா ஆய்வு நிறுவியது. டென்மார்க், எஸ்தோனியா, போர்த்துக்கல் நாடுகளின் சிறாரிடம் நிகழ்ந்த ஆய்வு ஒன்று, உடலியக்கம் குறைந்தோரிடம் இரத்த அழுத்தம், இன்சுலின் எதிர்ப்பு, கொழுப்பு ஆகிய இடர்க்கூறுகள் ஒன்றுசேர்ந்து காணப்படுவதை 2006இல் காட்டியது.

சென்னைச் சிறாரைப் பற்றிய சான்றுகளும் இக்காலத்திலேயே குவிந்தன. நீரிழிவு மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 13 முதல் 18 வயது வரையுள்ள ஏறத்தாழ 4,700 மாணவரை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவின்படி, மாணவருள் 17.8 விழுக்காட்டினரும் மாணவியருள் 15.8 விழுக்காட்டினரும் மிகை எடையினர். குடும்பத்தின் பொருளாதார நிலை உயர உயரவும், உடலியக்கம் குறையக் குறையவும் மிகை எடை கூடியது.

கோபாலபுரத்தைச் சார்ந்த சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ‘ஆரஞ்சு’ என்னும் பெயரில் நடத்திய ஆய்வு மேலும் விரிவானது. 31 தனியார் பள்ளிகள், 20 அரசுப் பள்ளிகள் ஆகியவற்றின் 18,955 சிறார் அதில் இடம்பெற்றனர். 2014இல் வெளிவந்த அதன் முடிவில், பன்னாட்டு அளவுகோலின்படி மிகை எடையும் பருமனும் உடையோர் தனியார் பள்ளிகளில் 21.4 விழுக்காடு, அரசுப் பள்ளிகளில் 3.6 விழுக்காடு. மிகை எடையுள்ள சிறாருள் 20.4 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது; ஏனையோரிடம் அது 5.2 விழுக்காடு. ஒரே நகரில் இரண்டு வகைக் குழந்தைப் பருவங்கள் இருப்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

மெலிந்த சிறாரும் வேலை செய்யும் சிறுமியரும்

அரசுப் பள்ளிச் சிறார் மெலிந்திருப்பதால் அவர்க்கு இடர் இல்லை என்று கொள்வது பிழையாகும். புனேயில் சி. எஸ். யாஜ்னிக் நடத்திய ஆய்வுகள், இந்தியக் குழந்தை எடை குறைந்து பிறந்தாலும் உடலில் கொழுப்பின் பங்கு ஒப்பளவில் மிகுந்திருப்பதைக் காட்டின. ‘மெலிந்த கொழுத்த குழந்தை’ என்று அந்நிலையை அவர் அழைத்தார். இராமச்சந்திரன் குழுவினர் 12 முதல் 19 வயதுடைய தென்னிந்திய நகர் மாணவரை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரை இதனை உறுதிசெய்தது. இயல்பான எடையுடையோருள்ளும் ஏறத்தாழ மூன்றில் இருவரிடம் இதய, வளர்சிதை மாற்ற இடர்க்கூறு ஒன்றேனும் இருந்தது. எடைக்கருவி காட்டாததை இரத்தப் பரிசோதனை காட்டியது. சத்துணவு மெலிவைத் தடுத்தது. அதனால் மட்டும் இவ்விடரைத் தடுக்க இயலாது. அதற்கு உடல் அசைய வேண்டும்.

அசைவு என்பதிலும் ஒரு நுண்மை உண்டு. உலக நலவாழ்வு அமைப்பின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, 11 முதல் 17 வயதுடைய உலகச் சிறாருள் 81 விழுக்காட்டினர் போதிய உடலியக்கம் அற்றவர். இந்தியாவின் நிலை இதனினும் சற்று மேலானதாக இருந்தது. அதற்கு ஆய்வாளர் சுட்டிய காரணங்கள் சிந்திக்கத்தக்கவை: சிறுவரிடம் கிரிக்கெட் ஆர்வம், சிறுமியரிடம் வீட்டுவேலை. தண்ணீர்க் குடம் சுமக்கும் சிறுமியின் இதயம் உழைக்கிறது என்பது உண்மையே. ஆனால் அதனை விளையாட்டின் வெற்றியாகக் கணக்கிடுவது நீதியாகாது. மெய்ப்பாட்டியல் விளையாட்டை உவகையோடு இணைத்ததன் பொருள் இங்குத்தான் விளங்குகிறது. உவகையற்ற அசைவு உழைப்பு, அது விளையாட்டாகாது.

கடன் வாங்கப்படும் பாடவேளை

உலக நலவாழ்வு அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 5 முதல் 17 வயதினர்க்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட மிதமான அல்லது தீவிரமான உடலியக்கம் வேண்டும் என்கிறது. வாரத்திற்கு 420 நிமிடம். 45 நிமிடப் பாடவேளை வாரத்திற்கு இரண்டு என்று கொண்டால், முழுமையாக ஆடினாலும் 90 நிமிடமே கிடைக்கும். தேவையில் ஐந்தில் ஒரு பங்கினும் சற்றே மிகுதி. எஞ்சியது மாலையில் கிடைக்க வேண்டும். பாரதியாரின் பாப்பாப் பாட்டு மாலைப் பொழுதை விளையாட்டுக்கு வழங்கியது. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் இன்று மாலை தனிப்பயிற்சி வகுப்புகளுக்கு உரியது.

அந்த 90 நிமிடமும் உறுதியில்லை. தேர்வு நெருங்கும்போது கணக்கு ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் உடற்கல்விப் பாடவேளையைக் ‘கடன்’ வாங்குவது நம் பள்ளிகளில் பழகிய வழக்கம். அவ்வாறு செய்ய வேண்டாம் என்று மாநில விளையாட்டுத்துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின் 2023இல் பொதுமேடையில் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. மதிய உணவைக் கடன் வாங்க வேண்டாம் என்று எந்த அமைச்சரும் வேண்டியதில்லை. அப்படி ஒரு கடனை எவரும் கேட்பதில்லை. கேட்டால் பதிவேடு காட்டிக்கொடுக்கும். இவ்விரு நிலைகளுக்கும் இடையே உள்ள தொலைவே நூறாண்டு வரலாற்றின் சாரம்.

இடமின்மைக்கு விடை காணும் முயற்சிகளும் சென்னையில் எழுந்துள்ளன. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் வளரிளம் பெண்களுக்காகக் குறைந்த நேரத்தில், குறைந்த இடத்தில் ஆடத்தக்க தீவிர நடனப் பயிற்சியை ‘தாண்டவ்’ என்னும் பெயரில் வடிவமைத்து ஆராய்ந்தது. 1936இல் அடையாற்றில் கலாக்ஷேத்திரம் தோன்றிய நகருக்கு நடனம் அயலானதன்று. எனினும் இம்முயற்சி ஓர் உண்மையையும் உணர்த்துகிறது: திடலை இழந்த நகரம் அறைக்குள் ஆட்டத்தைத் தேடுகிறது.

முடிவுரை

உணவும் உடலியக்கமும் 1920இல் ஒருசேரத் தொடங்கின. உணவுக்கு ‘ஒரு குழந்தை, ஒரு நாள்’ என்னும் அலகு கிடைத்தது. அது ஆட்சி மாற்றங்களைத் தாண்டி உரிமையாக வளர்ந்தது. உடலியக்கத்திற்கு ‘ஒரு வகுப்பு, ஒரு வாரம்’ என்னும் அலகே கிடைத்தது. அது அறிவுரையாகவே நின்றது. பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாமையோ, அறிஞர் பரிந்துரை இல்லாமையோ இதற்குக் காரணமன்று. சென்னையில் இரண்டும் இருந்தன. இல்லாதது கணக்கு ஒன்றே.

ஆகவே முதலியார் குழு வேண்டிய பதிவேட்டை மீட்டெடுப்பதே முதற்பணி என இக்கட்டுரை கருதுகிறது. ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு நாளும் எத்தனை நிமிடம் ஆடியது என்பதை, உண்டோர் எண்ணிக்கையைப் போலவே எளிய முறையில் பள்ளி பதிவுசெய்ய இயலும். தனியார், அரசு என்னும் வேறுபாடின்றி இது இருசாராருக்கும் பொருந்தும். இவ்வரலாற்றை நிறைவுசெய்ய ஆய்வாளர் செய்ய வேண்டிய பணியும் ஒன்றுண்டு. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளின் பழைய பள்ளிகளில் ஆண்டு மலர்களும், விளையாட்டு விழா அறிக்கைகளும், கால அட்டவணைகளும், கட்டட வரைபடங்களும் உள்ளன. திடல் எந்த ஆண்டில் வகுப்பறையாயிற்று, எந்தப் பாடவேளை எந்தத் தேர்வுக்காக மறைந்தது என்பவற்றை அவற்றிலிருந்து காலவரிசைப்படுத்தலாம். நகரின் உணவு வரலாறு ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. விளையாட்டிடத்தின் வரலாறு இனிமேல்தான் எழுதப்பட வேண்டும்.